பின்சீட்டுக்கு ஏற்ற டயர்

என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். என் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் சுர்ரென்று ஏறிவிடும். ஸ்கூட்டர் இல்லை, கியர் போட்டு ஓட்டும் மோட்டார் சைக்கிள். காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து வானகரம், அயனம்பாக்கம் வழியாக அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு தினமும் அதில்தான் வேலைக்குப் போய்வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நிற்கிற ஆண்கள் என்னை ஒரு பார்வை, வண்டியை ஒரு பார்வை பார்ப்பார்கள். பச்சை விழுந்ததும் நான் முதலில் போய்விடுவேன். அந்த ஒரு சந்தோஷத்துக்காகவே காலையில் எழுந்து குளிக்கலாம்.

அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த மாப்பிள்ளை, இரண்டு சக்கர வண்டியில் ஏறாதவர். ஓட்டத் தெரியாது என்பதுகூடப் பரவாயில்லை. பின்னால் உட்காரவே மாட்டார். காலேஜ் படிக்கும்போது சித்தப்பாவின் வண்டியில் பின்சீட்டில் போனவர், மழையில் வழுக்கி விழுந்து தோளில் காறை எலும்பை உடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கட்டோடு கிடந்திருக்கிறார். அதிலிருந்து ரயில், பஸ், ஷேர் ஆட்டோதான். போதாக்குறைக்கு அவருக்கு வேலை கிடைத்ததோ ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில், வண்டி விபத்துப் பிரிவில். யார் எங்கே எப்படி விழுந்தார் என்று நாள் முழுக்கப் படிக்கிற மனிதருக்குப் பயம் எப்படித் தெளியும்?

பெண் பார்க்க வந்த அன்றைக்குக் குடும்பத்தோடு கொரட்டூரிலிருந்து ஷேர் ஆட்டோவில்தான் வந்து இறங்கினார்கள். எங்களைத் தனியாகப் பேசச் சொல்லி மாடிப்படிக்குப் பக்கத்தில் விட்டார்கள். அங்கேதான் என் வண்டி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டியைப் பார்த்தார். "உங்க பின் டயரை மாத்தணுங்க. சுத்தமா வழுக்கையாயிடுச்சு" என்றார். பெண் பார்க்க வந்தவர் பேசிய முதல் பேச்சு இது. எனக்கு வந்த கோபத்தில், உங்களுக்கென்ன ஓட்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். தெரியாது என்று உடனே சொன்னார். காறை எலும்புக் கதையையும் ஒளிக்காமல் சொன்னார். பிடித்திருக்கிறதா என்று அன்று சாயங்காலம் அம்மா கேட்டபோது, பிடித்திருக்கிறது என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்தப் பின் டயரை அதுவரை யாருமே குனிந்து பார்த்ததில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்த சந்தோஷத்தில் நான் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அவருடைய அம்மாவிடமிருந்து எங்கள் அம்மாவுக்குப் போன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணுக்கு வண்டி எதற்கு, ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, ரயில் ஏறினால் அம்பத்தூர், வண்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார்களாம். எலும்பு உடைந்த பிள்ளைக்குச் சோறு ஊட்டிய அம்மா அவர்கள், பயப்பட உரிமை உண்டு. இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு எங்கே புரிந்தது? நேராக அவருக்குப் போன் போட்டேன். "வண்டி வரலன்னா நானும் வரல" என்றேன்.

அந்தப் பக்கம் ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. சரி, போச்சு, வாய்க்கொழுப்பால் ஒரு நல்ல மனிதரை இழந்தோம் என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார், "உங்க பின்னாடி நான் உக்காந்து கொரட்டூர் வரைக்கும் வந்துட்டா, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா முதல்ல டயரை மாத்துங்க."

அவ்வளவுதான், பிடித்தது பைத்தியம். அதுவரை டயர் என்றால் கறுப்பாக, உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஒரே வாரத்தில் சிக்னலில் நின்றால் அடுத்தவன் டயரையே பார்க்கிற ஆளாகிவிட்டேன். பெரிய பெரிய கட்டங்கள் வெட்டிய, மலைப்பாதைக்கென்று செய்த குண்டு டயர் ஒன்றை வளசரவாக்கம் பக்கம் ஒரு வண்டியில் பார்த்து மயங்கிப்போனேன். அதைப் போட்டுக்கொண்டு எஸ்டேட் கேட்டுக்குள் நுழைந்தால் செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார் என்று தோன்றியது. அவரிடம் சொன்னேன். "நம்ம வழில மலை எங்க இருக்கு?" என்று கேட்டார். நம்ம வழி என்ற அந்த வார்த்தையில் கோபம் பாதி கரைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் டயர் கடைக்குப் போனோம். போனோம் என்றால் நான் வண்டியில், அவர் பஸ்ஸில். லாரி டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் கடை. இருசக்கர டயர்கள் உள்ளே ஒரு மூலையில் தொங்கின. கடைக்காரர் வாய் ஓயாதவர். என் கண் போன திசையை ஒரே நொடியில் பிடித்துக்கொண்டு அந்தக் குண்டு டயரை இறக்கிக் காட்டினார். "இத்த மாட்டிப் பாரும்மா, வண்டி கெத்தா கீதும். ரோடே ஒதுங்கி வழி வுடும்" என்றார். எனக்கும் தலை கிறுகிறுத்தது. மாட்டுங்கண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் டயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். டயர் எப்போது செய்தது என்று ஓரத்தில் நாலு எண்கள் அச்சடித்திருக்கும், முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம் என்று எனக்கு விளக்கினார். இது கடையிலேயே வருஷக்கணக்கில் கிடந்து இறுகிப்போன டயர் என்றார். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா சார் நீ, பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா ஜாதகம் கேட்டுகினு கீறே?" என்றார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேர் ஜாதகத்தையும் ஒரு மாதம் முன்னால்தான் பூந்தமல்லியில் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்து லாரி டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு கடைக்காரருக்கும் அவருக்கும் நடந்தது பெரிய பஞ்சாயத்து. என் வண்டிச் சக்கரத்தின் இரும்பு வளையத்துக்கு அந்த அகலம் தாங்காது, டயரின் இரண்டு ஓரமும் நெருக்குப்பட்டு, வளைவில் திரும்பும்போது பிடிப்பு போய்விடும், செயின் கவரில் உரசும் என்றார் இவர். எத்தனை வண்டிக்கு மாட்டியிருக்கிறேன் தெரியுமா என்றார் கடைக்காரர். மாட்டினவர்கள் எல்லாரும் எங்கள் ஆபீஸுக்குத்தான் வருகிறார்கள் என்றார் இவர். கட்டம் கட்டமாக இருந்தால் தார்ரோட்டில் பாதி ரப்பர்தான் தரையைத் தொடும், மழையில் பிரேக் பிடித்தால் நிற்காது என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தினமும் போகிற வழி எப்படி இருக்கும் என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆரம்பித்தேன். மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கிற இரும்புத் தகடுகள், மழை பெய்தால் அதன் மேல் கிடக்கும் சேறு, வானகரத்தில் லாரி சிந்திய ஜல்லி, அயனம்பாக்கத்தில் தேங்குகிற தண்ணீர், எஸ்டேட்டுக்குள் டீசல் ஒழுகிய திருப்பம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கதை கேட்பதுபோலக் கேட்டார். கடைக்காரரும் சண்டையை மறந்து, வானகரத்தில் தன் மச்சான் விழுந்த இடத்தைச் சொன்னார்.

கடைசியில் வண்டி வாங்கியபோது இருந்த அதே அளவில், அந்த வருஷமே செய்த, ரோட்டுக்கென்று இருக்கிற சாதாரண டயர்களையே முன்னாலும் பின்னாலும் போட முடிவானது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் ஆழமான கோடுகள் இருந்தன. தண்ணீர் அதன் வழியாக வெளியே போய்விட்டால் ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும் என்றார். கொரட்டூர் ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் போகிற வழி முக்கியம் என்று சொல்லிச் சிரித்தார். பார்க்க அந்த டயரில் ஒரு கெத்தும் இல்லை. ஆனால் தொட்டால் மெத்தென்று இருந்தது. குண்டு டயரை நான் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மாட்டி முடித்துக் காற்றடிக்கும்போது கடைக்காரர் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"சிங்கிளா, டபுளா?"

தனியாகப் போகிற வண்டிக்குப் பின் டயரில் கொஞ்சம் குறைவாகவும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் கொஞ்சம் கூடவும் அடிப்பார்கள். இத்தனை வருஷமாக எந்த பங்க்கிலும் யோசிக்காமல் சிங்கிள் என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. ஆனால் இனிமேல் அவர் உட்காருவாரா மாட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? டயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "டபுள்" என்றார் அவர், பக்கத்திலிருந்து. எனக்கு உள்ளங்கால் வரை சிலிர்த்தது.

ஆனால் அன்றைக்கே ஏறிவிடவில்லை. புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும், ஒரு வாரம் நிதானமாக ஓட்டுங்கள், தேயட்டும், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். குமணன்சாவடி வரை ஆட்டோ என் பக்கத்திலேயே வந்தது. அவர் தலையை வெளியே நீட்டி என் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆட்டோவில் இருந்தவர்கள் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க ஓட்டியதுபோல அவ்வளவு மெதுவாக என் ஜென்மத்தில் நான் ஓட்டியதில்லை. என்னை முந்திப் போகாத ஆள் கிடையாது. தண்ணீர் வண்டி முந்தியது, சைக்கிளில் டீ விற்கிறவர் முந்தினார். ஒவ்வொரு சாயங்காலமும் டயரைப் படமெடுத்து அனுப்புவேன். பளபளப்பு போய்விட்டது, சாம்பல் நிறம் வந்துவிட்டது, நல்லது என்று பதில் வரும். நிச்சயமான பெண்கள் எந்தப் படத்தை அனுப்புவார்களோ தெரியாது. நான் டயர் படம் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் வரும்போதே தலைக்கவசம் புதிதாக வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டு, வெளிறிப்போய் வந்தார். எங்கள் வீட்டையொட்டி அப்பா கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வண்டி ஏறப்போகிறார் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், டேங்கில் சந்தனம் குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் பூ. வண்டி குளித்து முடித்ததுபோல மின்னியது. பதற்றத்தில் நான் எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

அவர் ஏறினார். பின்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். வண்டியே லேசாக நடுங்கியது. எலுமிச்சம்பழம் நசுங்க, ஆமை மாதிரி கிளப்பினேன். தெருவைத் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. தெருமுனையில் சிமெண்ட் ரோடு இடதுபக்கம் திரும்பும். அங்கே கோலம் போட யாரோ தண்ணீர் தெளித்திருந்தார்கள். கொஞ்சமாகத்தான் சாய்த்தேன். பின் சக்கரம் தன் பாட்டுக்கு வேறு பக்கம் போனது. வண்டி படுத்தது. நாங்கள் பந்தியில் உட்காருவதுபோல நிதானமாக ரோட்டில் உட்கார்ந்தோம். நான் சிமெண்டில், அவர் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில்.

எனக்கு அடி படவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வண்டி போச்சு, கல்யாணம் போச்சு, ஒரு மனிதருக்குப் போகாமல் இருந்த பயத்தை நானே இன்னும் பத்து மடங்காக்கிவிட்டேன். மெல்லத் திரும்பினேன். அவர் மணலில் உட்கார்ந்தபடி ஒரு கையால் காறை எலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை தடவினார். தோளைச் சுழற்றினார். முழங்கையில் லேசான சிராய்ப்பு, அதையும் பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்? எழுந்திரு, வண்டியைத் தூக்கலாம்."

முதல்முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டார். அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். மணலில் உட்கார்ந்துகொண்டு, தலைக்கவசத்தோடு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது.

வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் அவருக்குள் இருந்த இன்சூரன்ஸ்காரர் விழித்துக்கொண்டார். ஒரு வாரம் ஓட்டித் தேய்த்த டயர் ஏன் வழுக்கியது? உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினார். சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டிய டயர் கன்னங்கரேலென்று பளபளத்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். என் மூக்குக்கும் நீட்டினார். சுத்தமான செக்குத் தேங்காய் எண்ணெய்.

அதற்குள் அம்மா ஓடி வந்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் டயரைப் பார்த்தாள்.

"மாப்ள ஒக்கார்ற வண்டி, டயரு சாம்பலாட்டம் வெளுத்துப் போயி கீதேன்னுதான் காத்தால தடவுனேன். பளிச்சுன்னு கீதா இல்லியா, நீயே சொல்லு."

ஓரத்தில் மட்டும் தடவியிருந்தாலும் பரவாயில்லை. தரையில் படுகிற இடம், தண்ணீர் போகிற கோடு, ஒன்று விடாமல் பழைய வேட்டித் துணியால் தேய்த்திருந்தாள். ஒருவாரமாக ஆமை வேகத்தில் நான் செய்த தவமெல்லாம் போச்சே என்று கத்த வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மா பக்கம் திரும்பி, "அத்தை, சீயக்காய் இருக்கா?" என்று கேட்டார்.

இப்படியாக என் வண்டிக்கு எங்கள் வீட்டு வாசலில் எண்ணெய்க் குளியல் நடந்தது. அம்மா சொம்பில் மொண்டு ஊற்ற, அவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு சீயக்காயைக் குழைத்துத் தேங்காய் நாரால் தேய்க்க, நான் சக்கரத்தை உருட்டிக் கொடுத்தேன். காதுக்குப் பின்னால் நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள் என்று லைன் வீட்டு அக்கா ஒருத்தி குரல் கொடுத்தாள். சாம்பிராணி போடலாமா என்று இன்னொருத்தி கேட்டாள். அம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்து தண்ணீரை அவர் சட்டையிலேயே ஊற்றினாள். எண்ணெய் போன பிறகு பிரேக் டிஸ்க்கையும் ஒருமுறை துடைத்தோம். வெயிலில் காயவைத்து, நான் மட்டும் தெருவில் முன்னும் பின்னும் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். டயர் தரையைக் கவ்விப் பிடித்து நின்றது.

அவரிடம் இன்னொரு நாள் போகலாமே என்றேன். அவர் ஏறி உட்கார்ந்தார். இந்தமுறை கம்பியைப் பிடிக்கவில்லை. என் தோளில் கை வைத்தார். அதே தெருமுனையில் திரும்பினோம். கை கொஞ்சம் இறுகியது, பிறகு தளர்ந்தது. முதலில் அந்த இரும்புத் தகடுகள் வந்தன, இதைத்தானே சொன்னாய் என்றார். வானகரத்தில் ஜல்லி வந்தது, இதுவா என்றார். அம்பத்தூர் எஸ்டேட் வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. ஆனால் நிதானமாகத்தான் ஓட்டினேன், பின்னால் ஆள் இருந்தாரே.

கொரட்டூரில் அவருடைய அம்மா வீட்டு கேட்டைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நாங்கள் போய் நின்றோம். பையன் இறங்குவதைப் பார்த்தார்கள். சீயக்காய்க் கறை படிந்த சட்டை, முட்டியில் மணல், முழங்கையில் சிராய்ப்பு. எதையும் மறைக்காமல் அவர் சொல்லிவிட்டார், விழுந்தோம்மா, ஒன்றும் ஆகவில்லை, மறுபடியும் ஏறி வந்துவிட்டேன் என்று. அந்த அம்மா அவருடைய காறை எலும்பு மேல் கை வைத்துப் பார்த்தார்கள். தோளை அசைக்கச் சொன்னார்கள். அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

பிறகு மாடிப்படிக்குக் கீழே இருந்த தண்ணீர் கேன்களை அவர்களே ஒவ்வொன்றாக ஓரமாக நகர்த்தினார்கள். "வெய்யில்ல போடாதம்மா. இங்க உள்ள ஏத்தி வையி, இனிமே இதான் வண்டிக்கு எடம்" என்றார்கள். நான் வண்டியை ஏற்றி நிறுத்தினேன். அவர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். டயரைப் பார்த்ததும் நின்றார்கள்.

"புது டயருன்னு சொன்னீங்க, இப்பிடி வெளுத்துப்போய் கீது? இரு, கொஞ்சம் தேங்காண்ணெ எடுத்தாறேன்" என்று உள்ளே போனார்கள்.